ஏடு பெயர்த்தலும் இறுவட்டு மீட்டலும்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியதுபோலத் தோன்றும். பழைய கணினியிலிருந்து இறுவட்டில் எடுத்துவைத்த பிரதியை, இறுவட்டு போடும் வாயில்லாத புதிய மடிக்கணினியில் எப்படி மீட்டெடுப்பது என்பதே அது. இதற்கு ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ, கடையிற் கொடுத்தால் யாராவது ஒரு தம்பி செய்து தரமாட்டாரோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இச்சிறு காரியத்தின் பின்னே ஒரு சங்கத்தின் பல வருட ஞாபகமும், ஒவ்வொரு வீட்டின் இரண்டு தலைமுறைச் சரித்திரமும் நிற்கின்றன. ஆதலாற் சற்றுப் பொறுமையோடு கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இற்றைக்குப் பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் அச்சங்கத்தில் ஒரு மேசைக்கணினி இருந்தது. உறுப்பினர் இடாப்பு, வரவு செலவுக் கணக்கு, ஆண்டு மலரின் அச்சுப் பக்கங்கள், விழாப் படங்கள், இப்போது நம்மிடையே இல்லாத பெரியோர் சிலர் ஆற்றிய சொற்பொழிவுகளின் ஒலிப்பதிவு ஆகிய எல்லாம் அதிலே கிடந்தன. பொறுப்பான செயலாளர் ஒருவர் அவற்றை இறுவட்டுகளிற் பதித்து, உறையின்மேல் வருடத்தையும் எழுதி, அலுமாரியிற் பூட்டிவைத்தார். அவர் செய்தது முறையான காரியமே. பின்னர் அந்தக் கணினி பழுதாயிற்று. சங்கம் பணம் சேர்த்துப் புதிய மடிக்கணினி ஒன்று வாங்கிற்று. அது மெல்லியது, பாரமற்றது, வேகமானது. ஆனால் அலுமாரியைத் திறந்து இறுவட்டைக் கையில் எடுத்தபோதுதான் தெரிகிறது, அதைச் செருகுதற்கு அப்புதிய கணினியில் ஓரிடமும் இல்லை என்பது. பிரதி பத்திரமாக இருக்கிறது. அதனை வாசிக்கும் வாசல் அடைபட்டுவிட்டது.

இது எவருடைய குற்றமுமன்று. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க அப்பிள் நிறுவனம் 'மக்புக் எயார்' என்னும் மெல்லிய மடிக்கணினியை வெளியிட்டபோது அதில் இறுவட்டுக் கருவியை வைக்கவில்லை. பக்கத்திலிருக்கும் வேறு கணினியின் கருவியைத் தொலைவிலிருந்து இரவல் பெறும் ஒரு வழியை மட்டும் கொடுத்தது. மென்பொருள்களும் பாட்டுகளும் படங்களும் இன்ரர்நெற் வழியாக வரத் தொடங்கியபின் மற்றை நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அக்கருவி இல்லை.

நமக்கு மாத்திரமா இந்தச் சங்கடம் என்றால், இல்லை. இங்கிலாந்து தேசத்தில் 1086ஆம் ஆண்டில் அரசன் கட்டளைப்படி 'டூம்ஸ்டே' என்னும் நிலக்கணக்குப் புத்தகம் தோலிலே எழுதப்பட்டது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் அன்றாட வாழ்வைப் படங்களும் கட்டுரைகளுமாகத் திரட்டிப் பெரிய ஒளித்தட்டுகளிற் பதித்து வெளியிட்டது. பாடசாலைப் பிள்ளைகள் பெருந்தொகையாக அதில் ஈடுபட்டனர். பதினாறு வருடங்களுக்குள் அத்தட்டை வாசிக்கும் கருவி கிடைத்தற்கரியதாயிற்று. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர் கூடி, பழைய கணினியைப்போல நடிக்கும் ஒரு மென்பொருளை ஆக்கிய பின்பே அவற்றைப் புதுக் கணினியிற் காண முடிந்தது. ஒன்பது நூற்றாண்டுப் பழைய தோற் புத்தகத்தையோ இன்றும் கண்ணாற் பார்த்து வாசிக்கலாம்.

இதனைக் கேட்டுப் புதுமை எல்லாம் வீண், பழமையே மேல் என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம். நம் முன்னோர் கையாண்ட பனையோலை தோலைப்போல நெடுங்காலம் நிற்பதன்று. வெப்பமும் ஈரமும் செல்லும் நிறைந்த நம் நாட்டில் ஓர் ஏடு சில நூற்றாண்டுகளைக் கடப்பதே அரிது. அப்படியிருந்தும் இரண்டாயிரம் வருடத்து நூல்கள் நம் கைக்கு வந்தது எங்ஙனம்? ஓலையின் பலத்தினால் அன்று. பழைய ஏடு ஒடியத் தொடங்குமுன் புதிய ஓலையில் அதனைப் பெயர்த்தெழுதினர். அதற்குப் 'படி எடுத்தல்' என்று பெயர். எடுத்தபின் ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றொருவர் படியைப் பார்த்துச் சரிபிழை கண்டனர். அதற்கு 'ஒப்பு நோக்குதல்' என்று பெயர். இந்த இரண்டும் சேர்ந்ததே ஏடு காத்தல். எங்கே ஒரு தலைமுறை இவ்வேலையை மறந்ததோ அங்கே நூல் இறந்தது.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். கட்டை அவிழ்க்கும்போதே ஓலை முறிந்தும், புரட்டும்போதே எழுத்து உதிர்ந்தும் போகும் ஏடுகளோடு அவர்கள் போராடினார்கள். இன்னும் சிறிது காலம் தாமதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலையிலிருந்து அச்சுக்கு மாற வேண்டிய தருணத்தில், இரண்டையும் அறிந்தவர் ஒருவர் இருந்தார். அதுவே நமது பாக்கியம். இன்று இறுவட்டிலிருந்து அடுத்த சாதனத்துக்கு மாற வேண்டிய தருணத்தில் நாம் நிற்கின்றோம். இறுவட்டையும் அறிந்து புதிய கணினியையும் அறிந்த பிள்ளைகள் நம்மிடையே இப்போது இருக்கின்றார்கள். பத்து வருடங்களின்பின் கருவியும் அரிதாகும். அதனைக் கையாளத் தெரிந்தவரும் அரியராவர்.

ஒரே பிரதியாக இருந்தது போனால் என்ன ஆகும் என்பதை நம்மவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. வேறிடங்களிற் பிரதி இருந்த அச்சுப் புத்தகங்களைத் திரும்பச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துகளும் போனது போனதே. 1983 ஜூலையில் இதே கொழும்பு மாநகரில் வீடு எரிந்து வெளியேறிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழை மறுபடி எடுக்க முடிந்தது, பதிவேடு கந்தோரில் இருந்தபடியால். அம்மாவின் கலியாணப் படத்தை எடுக்க முடியவில்லை, அது சுவரில் மாத்திரமே இருந்தபடியால். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்துச் சேர்த்துவருவது இந்த அனுபவத்தின் வழி வந்த அறிவேயாகும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். இளைஞர்கள் கடதாசியும் பேனையும் எடுத்துக்கொள்வது நன்று.

முதலாவதாக, இறுவட்டில் உள்ளது எவ்வகைப் பிரதி என்று அறிதல் வேண்டும். மூன்று வகை உண்டு. கோப்புகளை உள்ளபடியே பதித்தது ஒன்று; இது எளிது, திறந்து எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் முதலியவற்றின் காப்புப்பிரதி மென்பொருள் தானே கட்டுக் கட்டாகச் சுருக்கிப் பதித்தது இரண்டாவது. இது பெரும்பாலும் பல வட்டுகளிற் தொடர்ந்து செல்லும். கணினி முழுவதையும் அச்செடுத்தாற்போல எடுத்த முழுப்படிமம் மூன்றாவது. இம்மூன்றாம் வகையில் ஓர் அபாயம் உண்டு. பழைய கணினியின் முழுப்படிமத்தைப் புதிய மடிக்கணினியின்மேல் அப்படியே இறக்கினால், புதியதில் இருந்தவையெல்லாம் அழிவதோடு, பழைய அமைப்பு புதிய யந்திரத்துக்குப் பொருந்தாமல் அது இயங்காமலும் போகலாம். ஆதலால் நமக்கு வேண்டிய கோப்புகளை மாத்திரம் அதிலிருந்து பிரித்தெடுத்தல் முறை.

இரண்டாவதாக, வாசலைத் திறத்தல். அதற்கு இரண்டு நல்ல வழிகள் உள்ளன.

ஒன்று, யூ.எஸ்.பி. வடத்தினால் வெளியே இணைக்கும் இறுவட்டுக் கருவி. ஒரு சங்கத்துக்கு ஒன்று போதும். பத்து வீடுகள் இரவல் பெறலாம். புதிய மடிக்கணினியில் சிறிய நீள்வட்டத் துளை மாத்திரம் இருந்தால் அதற்கேற்ற இணைப்பியும் வேண்டும். கருவி 'டக், டக்' என்று ஒலித்துச் சுழலாமல் நின்றால், வட்டு கெட்டது என்று உடனே முடிவு செய்யற்க. போதிய மின்சாரம் போகாமையாலும் அப்படி நேரும். பல துளைகள் உள்ள பெட்டியில் இணைத்திருந்தால் அதை விட்டுக் கணினியிலேயே நேரே இணைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, இறுவட்டுக் கருவியுள்ள பழைய கணினி ஒன்றை, உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தேடிப் பிடித்து, வட்டுகளை அதில் வாசித்து வெளி வன்வட்டில் ஏற்றிக் கொண்டுவருதல். ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனிக் கோப்புறை அமைத்து, உறையிலுள்ள பெயரையே அதற்கும் இடுக. எல்லாவற்றையும் ஒரே இடத்திற் கொட்டினால், ஒரே பெயருள்ள கோப்பு இரண்டில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். பழைய கணினி விண்டோஸ் 7 உடையதாயின் அதை இன்ரர்நெற்றில் இணைக்காதிருத்தல் நன்று. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதிலிருந்து கொண்டுவரும் வன்வட்டையும் வைரஸ் உண்டோ என்று பரிசோதித்த பின்பே திறக்க வேண்டும்.

வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக, 'ஐ.எஸ்.ஓ.' என்னும் படிமமாக எடுப்பது இன்னும் சிறந்தது. விண்டோஸ் 8 முதற்கொண்டு வந்த கணினிகளில் அப்படிமத்தை இருமுறை சொடுக்கினால், வட்டைச் செருகியதுபோலவே அது திறந்துகொள்ளும். இங்கே பலர் தடக்குப்படும் ஓரிடம் உண்டு. டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட்டு. பல பென் டிரைவ்கள் 'பட் 32' என்னும் பழைய ஒழுங்கில் அமைந்தவை. அவ்வொழுங்கு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்றுக்கொள்ளாது. வெற்றிடம் நிறைய இருந்தும் 'கோப்பு பெரிது' என்று மறுக்கும். அதனை 'எக்ஸ்பட்' ஒழுங்குக்கு மாற்றினால் ஏற்றுக்கொள்ளும். மாற்றும்போது பென் டிரைவில் உள்ளவை அழியும். ஆகையால் வெறுமையானதையே மாற்றுக.

இரண்டாம் வகைப் பிரதியாயின், விண்டோஸ் 7இல் எடுத்ததை மீட்கும் பகுதி விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் 'கண்ட்ரோல் பனல்' என்னும் இடத்திலும் வைக்கப்பட்டுள்ளது. வேறொரு பிரதியிலிருந்து மீட்கும்படி அதற்குக் கட்டளையிட வேண்டும். பல வட்டுகள் உள்ள தொகுதியாயின் கடைசி வட்டை முதலிற் கேட்டாலும் கேட்கும், திகைக்க வேண்டியதில்லை. மீட்பவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பாமல், புதிதாக ஒரு கோப்புறை அமைத்து அதனுள் இறக்குக.

வட்டு வாசிக்க மறுத்தால் என்ன செய்வது? கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில், ஈரம் ஊறிய அலுமாரியில், பதினைந்து வருடம் கிடந்த வட்டு நோயுற்றிருத்தல் இயல்பே. நாம் வீட்டிற் பதிக்கும் வட்டிலே எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலம். ஒளியும் வெப்பமும் ஈரமும் அதனைக் கெடுக்கும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. வட்டமாக ஏற்பட்ட கீறல் பதிவின் வழியோடு நெடுந்தூரம் ஓடி, அதைத் திருத்தி வாசித்தலை அரிதாக்கும். ஒரு கருவி வாசியாததை மற்றொரு கருவி வாசிப்பதுண்டு. இரண்டு மூன்றிற் போட்டுப் பார்க்குக. 'டிடி ரெஸ்கியூ' என்னும் இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் வாசித்து எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குத் திரும்பத் திரும்பச் செல்லும். ஒடிந்த ஏட்டில் வாசிக்கக்கூடிய வரிகளை முதலில் எழுதிக்கொண்டு, மங்கிய வரிகளைப் பின்னர் வெயிலிற் பிடித்துப் பார்க்கும் பண்டிதரின் முறையே இதுவும்.

கடையிற் கொடுத்து எடுப்பிக்கலாமே என்பவருக்கு ஒரு வார்த்தை. தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் உறுப்பினரின் விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் அடங்கிய வட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரற்க. அருகே ஒருவர் இருந்து எடுப்பித்து, கடைக் கணினியில் எஞ்சியதை அழிப்பித்துக்கொண்டு வருக.

மூன்றாவதாக நாம் சொல்ல விரும்புவது, தமிழருக்கே உரிய ஒரு தடை. கோப்பு பழுதின்றி வந்துவிட்டது, திறக்கிறோம், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திரை நிறைகிறது. வட்டு கெட்டுவிட்டது என்று மனம் சோர்கிறது. உண்மையில் ஒன்றும் கெடவில்லை. இலங்கையில் அக்காலத்தில் நாம் பெரும்பாலும் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டெழுதினோம். அதில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு தமிழ் எழுத்து வைக்கப்பட்டிருந்தது. மெய்யெழுத்தின் புள்ளியை அரைப்புள்ளி விசையால் இட்டோம். எழுத்துரு இல்லாத கணினியில் அவை தம் ஆங்கிலக் கோலத்திலே தோன்றுகின்றன. பாமினியை நிறுவினால் தமிழ் மீண்டும் தெரியும். அத்தோடு நில்லாமல் அதனை யூனிகோடு முறைக்கு மாற்றிவைக்க வேண்டும். யூனிகோடு ஒழுங்கில் 1991 முதல் தமிழுக்குத் தனி இடம் உண்டு. எந்தக் கணினியிலும் போனிலும் அது தமிழாகவே தெரியும். மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்தல் அவசியம்.

ஆண்டு மலர்ப் பக்கங்களோ பெரும்பாலும் 'பேஜ்மேக்கர்' என்னும் மென்பொருளில் அமைந்தவை. அதன் கடைசிப் பதிப்பு 7. அதன்பின் அது வளரவில்லை. இன்றைய கணினியில் அதைத் திறத்தல் கடினம். அது இன்னும் இயங்கும் பழைய கணினி எங்காவது இருந்தால், அங்கேயே பக்கங்களைத் திறந்து பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ள வேண்டும். இவ்வாறு, வட்டுக்கு ஒரு வாசல், எழுத்துக்கு ஒரு வாசல், பக்கத்துக்கு ஒரு வாசல் என மூன்று வாசல்களையும் கடந்தாலன்றி மீட்டல் நிறைவேறாது.

நான்காவது, ஒப்பு நோக்குதல். கோப்புகள் இறங்கிவிட்டன என்று கண்டவுடன் வட்டுகளை வீசிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது கூடாது. மூலத்தில் எத்தனை கோப்பு, படியில் எத்தனை கோப்பு என்று எண்ணுக. மொத்த அளவு ஒக்கிறதா என்று பார்க்குக. பத்துக்கு ஒன்றாகத் திறந்து வாசிக்குக. ஒலிப்பதிவாயின் தொடக்கமும் நடுவும் முடிவும் கேட்குக. ஒருவர் சொல்ல ஒருவர் குறிக்க, இருவராக இருந்து செய்க.

இது வீண் சிரமமன்று என்பதற்கு ஓர் உதாரணம். கணினி நிபுணர்களே நடத்தும் 'கிட்லாப்' என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் திகதி, ஊழியர் ஒருவர் இடந்தவறி முக்கிய தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பிரதி எடுக்கும் ஏற்பாடுகள் அங்கே ஐந்து இருந்தன. ஆபத்து வேளையிற் பார்த்தபோது அவற்றில் ஒன்றும் எதிர்பார்த்தபடி உதவவில்லை. நாள்தோறும் பிரதி எடுக்க வேண்டிய நிரல் பதிப்பு வேற்றுமையால் வெகுநாளாகத் தோல்வியுற்றுக்கொண்டிருந்தது. அதை எவரும் அறியவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்த பிரதி தற்செயலாக இருந்தபடியால் தப்பினார்கள். அந்த ஆறு மணித்தியாலத் தரவு போயிற்று. மீட்டுப் பார்க்காத பிரதி, திறந்து பார்க்காத உண்டியலைப் போன்றது. உள்ளே பணம் இருக்கும் என்பது நம்பிக்கை மாத்திரமே.

நம் நாட்டிலேயே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினித் தொகுதி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ஒருவகைத் தீநிரலாற் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 பாதிக்கப்பட்டன. மின்னஞ்சற் சேவையை மறுபடி இயக்க முடிந்தது. ஆனால் அவ்வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்துபோன மின்னஞ்சல்களுக்கு, இணைப்பிலிருந்து கழற்றித் தனியே வைத்த பிரதி இருக்கவில்லை. இணைப்பிலேயே இருந்த பிரதிகளும் அத்தாக்குதலில் அகப்பட்டுக்கொண்டன. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் இழக்கப்பட்டன. ஒரே கூரையின் கீழ் மூலத்தையும் படியையும் வைத்தால் ஒரே நெருப்பு இரண்டையும் தின்னும் என்பதை நாம் அறிவோம். கணினியிலும் அப்படியே.

ஆகையால் மீட்டெடுத்தவற்றை இனி வைக்கும் முறையையும் சொல்லி முடிக்கின்றோம். உலகெங்கும் வழங்கும் விதி ஒன்று உண்டு: பிரதி மூன்று, சாதனம் இருவகை, அவற்றில் ஒன்று வேறிடத்தில். நமக்கு இது மிக எளிது. சங்க மடிக்கணினியில் ஒன்று. வெளி வன்வட்டில் ஒன்று. அதனைக் கழற்றி, வெள்ளவத்தைச் சங்கமாயின் கொட்டாஞ்சேனை உறுப்பினர் ஒருவர் வீட்டிலும், கொட்டாஞ்சேனைச் சங்கமாயின் வெள்ளவத்தையிலும் வைக்கலாம். மேகச் சேமிப்பில் ஒன்று. கணினியோடு எப்போதும் ஒத்தியங்கும் மேகச் சேமிப்பை மாத்திரம் நம்புதல் போதாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். பென் டிரைவ் கொண்டுபோவதற்கு நல்லது, நெடுங்காலம் வைப்பதற்கு நல்லதன்று. வன்வட்டும் நித்தியமானதன்று; ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுக. கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டித் தலைவரிடமும் தனாதிகாரியிடமும் கொடுத்து வைக்குக. ஒருவர் மனத்தில் மாத்திரம் இருக்கும் கடவுச்சொல் அவரோடு போய்விடும்.

பழைய இறுவட்டுகளை உடனே எறிய வேண்டாம். அமெரிக்க தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட கைநூலிற் சொன்னவாறு, அவற்றைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, குளிர்ந்த உலர்ந்த இருளான இடத்திற் பேணுக. பசைத்தாள் ஒட்ட வேண்டாம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு லாச்சிகளில் இறுவட்டுகள் கிடக்கும். கலியாண வீட்டுப் படமாயிருக்கலாம், பேரப்பிள்ளையின் அரங்கேற்றமாயிருக்கலாம், காலமான ஒருவரின் குரலாயிருக்கலாம். அதில் இருப்பவர் யார், அது எந்த வருடம், எந்த மண்டபம் என்று சொல்லக்கூடியவர் நீங்களே. கணினி படத்தை மீட்டுத் தரும். பெயரை மீட்டுத் தராது. அவற்றை எடுத்து இப்பிள்ளைகளிடம் கொடுங்கள். அருகே இருந்து பெயர் சொல்லுங்கள்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று. விஜயதசமியன்று குழந்தைகளுக்கு ஏடு தொடக்குவது நம் வழக்கம். அதற்கடுத்து வரும் விடுமுறை நாளொன்றைச் சங்கத்தில் ஏடு மீட்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு நாள் போதும். வெளி இறுவட்டுக் கருவி ஒன்று, வன்வட்டு ஒன்று, கொப்பி ஒன்று, இவ்வளவே செலவு. அன்று வட்டுகளைப் பெயருங்கள். முந்திய வருடம் பெயர்த்தவற்றைத் திறந்து ஒப்பு நோக்குங்கள். எதை எங்கே வைத்தோம் என்று கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அவ்வேலையை உங்களுக்குப் பின்வரும் செயலாளருக்கு நேரில் இருந்து காட்டிக் கொடுங்கள்.

தாமோதரம்பிள்ளை அவர்கள் காலத்தில் ஓர் ஏட்டைத் தேடி ஊர் ஊராக ஆளனுப்ப வேண்டியிருந்தது. நமக்கோ அலுமாரியைத் திறப்பதே வேலை. இவ்வருடமே திறப்போமாக.